ஊழியத்தில் கற்கும் மனம்



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துவரும் இச்சங்கத்தின் வெள்ளிவிழாவில், ஊழியத்தில் கற்கும் மனம் என்னும் பொருள் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கற்பிக்கும் ஊழியத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். இத்தனை பள்ளிகள் கண்டோம், இத்தனை பேரைத் தேர்ச்சி பெறச் செய்தோம் என்று கணக்குக் கூறுவதும் விழா நாளில் பொருத்தமே. ஆனால் கற்பிக்கச் சென்றவர் சென்ற இடத்தில் எதைக் கற்றார், யாரிடம் கற்றார் என்ற கேள்வியை நாம் அரிதாகவே கேட்கின்றோம். பழனி மலையையும் அதன் அடிவாரத்தையும் சான்றாகக் கொண்டு அக்கேள்வியை இன்று கேட்டுப் பார்க்க விரும்புகின்றேன்.

கோடைக்கானல் ஓர் ஊராக எழுந்த வரலாறு உங்களுட் பலர் அறிந்ததே. அமெரிக்க மிஷனெரிமார் யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்தனர். சமவெளியின் வெப்பமும் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்தம் குடும்பங்களை வாட்டின. சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. முடிவில் 1845-இல் பழனி மலைமீது, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரண்டு வீடுகளைக் கட்டினர். இன்றைய நகரம் அவ்விரண்டு வீடுகளைச் சூழ்ந்து வளர்ந்ததேயாகும்.

இன்று வத்தலக்குண்டில் பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் மலைமேல் இறங்கிவிடுகின்றோம். அக்காலத்துப் பயணம் வேறு. 1875-இல் இருப்புப்பாதை வந்த பின்னரும், அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் சென்று, பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பை அடைதல் வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ 12 மைல் ஒற்றையடிப் பாதை. உடல்வலிமை உடையோர் நடந்தனர். சிலர் மட்டக்குதிரை ஏறினர். பெண்களும் பிள்ளைகளும் நோயாளிகளும் நாற்காலியில் அமர்ந்தனர். அந்த நாற்காலியைக் கூலியாட்கள் தோளில் சுமந்து மலையேறினர். 1910-களில் லா என்னும் பொறியாளரின் பெயரால் வழங்கும் மலைச்சாலை நிறைவுறும் வரை இதுவே வழக்கமாயிருந்தது.

அந்த நாற்காலியைச் சற்று மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். மேலே அமர்ந்திருப்பவர் இந்நாட்டு மக்களுக்குக் கற்பிக்க வந்தவர். கீழே தோள் கொடுப்பவருக்கு அப்பாதையின் ஒவ்வொரு கல்லும் தெரியும். எந்த மடுவில் குடிக்கும் நீர் உண்டு, எந்த வளைவில் அட்டை ஏறும், மஞ்சு இறங்குவதற்குள் எந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவருடைய கல்வி. ஏடும் எழுதுகோலும் மேலிருப்பவர் கையில் இருந்தமையால் அக்கல்வி கல்வியென்று எழுதப்படவில்லை. நம்முடைய வரலாறும் பெரும்பாலும் இப்படிக் கீழிருந்து சுமந்தவரின் வரலாறுதான்.

அன்று வந்தவர்களைப் பழிப்பதற்காக நான் இதைக் கூறவில்லை. அவர்களிடம் கற்கும் மனம் இருந்தது, மிகுதியாகவே இருந்தது. தமிழகத்தில் அதற்கு ஒரு மரபும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம்மிடம் வரவழைத்து, சிறுபிள்ளைகளோடு பிள்ளையாய் அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். அவர் ஜெர்மனியில் பல்கலைக்கழகம் சென்றவர். மதுரை மிஷனைச் சேர்ந்தோரும் முன்ஷிமாரிடம் மாதக்கணக்கில் தமிழ் பயின்றனர். கோடை விடுமுறையில் மலைமீது அமர்ந்தும் பாடம் கேட்டனர். தமிழ்ப் பேரகராதிப் பணி 1913-இல் தொடங்கியபோது அதன் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்ற ஜே. எஸ். சாண்ட்லர் மதுரை மிஷனைச் சேர்ந்தவரே. பிறர் மொழியை அந்த அளவுக்குக் கற்பது எளிய காரியமன்று. 'ழ'கரம் வாராமல் நாணி நிற்கும் துன்பத்தை ஒருவர் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டார் என்றால் அதற்குப் பணிவு வேண்டும்.

அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவேன். அவர் திண்டுக்கல்லில் ஊழியம் செய்த எட்வர்டு வெப். அவர் காலத்துத் தமிழ்ச் சபைகள் பெரும்பாலும் மேனாட்டுப் பாடல்களின் மொழிபெயர்ப்பை மேனாட்டு இராகத்திலேயே பாடின. மேனாட்டுப் பாட்டு அசையழுத்தத்தை நம்பி நடப்பது. தமிழ்ப் பாட்டோ குறில் நெடில் அளவை நம்பி நடப்பது. ஒன்றின் சட்டையை மற்றொன்றுக்கு மாட்டியபோது குறில் நெடிலாக இழுபட்டது. நெடில் குறிலாக நறுக்கப்பட்டது. பாடியவர்க்குப் பொருள் விளங்கவில்லை. கேட்டவர்க்குத் தமிழாகவே தோன்றவில்லை. இக்குறையை வெப் உணர்ந்தார். உணர்ந்தவர் தாமே பாட்டெழுத முற்படாமல், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடம் மாணவராகச் சேர்ந்தார் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

சாஸ்திரியார் 1774-இல் பிறந்தவர். சுவார்ச் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரோடு பயின்றவர். வெப் அவரை அணுகிய காலத்தில் எண்பது வயதை நெருங்கிய முதியவர். அம்முதியவரிடம் அமெரிக்க மிஷனெரி இராகமும் தாளமும் கற்றார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பைக் கற்றார். அதன் பயனாக 1853-இல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் தொகுப்பொன்றை வெளியிட்டார். இன்று ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் கீர்த்தனை பாடும்போது, ஒரு மிஷனெரி மாணவராக அமர்ந்த அந்த நாட்களின் பயனையும் நாம் நுகர்கின்றோம்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இஃது இனிய கதை. நம் சங்கத்தின் மேடையில் இதனை இங்கேயே நிறுத்துவது முறையாகாது.

சாஸ்திரியார் பெரும் புலவர், ஐயமில்லை. ஆனால் தஞ்சைத் திருச்சபையில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தை மிஷனெரிமார் நீக்க முயன்றபோது, அதனை எதிர்த்து எழுதிய வேளாளக் கிறிஸ்தவர்களின் முன்னணியில் நின்றவரும் அவரே. ஒரே ஆலயத்தில் நம் முன்னோர் தனியே அமர வேண்டும், தனிக் கிண்ணத்தில் நற்கருணை பெற வேண்டும் என்ற வழக்கம் சமயத்தால் தீராத நோயாக இருந்தது. சாதி வேறுபாட்டைத் திருச்சபை உடனே கைவிட வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார். மதுரை மிஷன் 1847-இல், சாதியைத் துறந்தமைக்கு அடையாளமாக எல்லாரோடும் ஒரே பந்தியில் உண்ணுமாறு தன் ஊழியர்களைக் கேட்டது. உண்ண மறுத்து விலகியோர் பலர். அந்தப் பந்தியைக் கேட்ட துணிவை நாம் நன்றியோடு நினைக்கின்றோம்.

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். சாதியை எதிர்த்த அதே மிஷன், பாட்டைக் கற்கும் வேளையில் யாரிடம் சென்றது? தமிழ் கற்க முன்ஷியிடம் சென்றது. இசை கற்கச் சாஸ்திரியாரிடம் சென்றது. பேரகராதிக்குப் பண்டிதர்களிடம் சென்றது. சபையில் எண்ணிக்கையால் பெரும்பகுதியாக இருந்த சேரி மக்களிடம் பாட்டு இல்லையா? நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் யாருடையவை? நம் மக்கள் பந்தியில் சமமாக அமர்த்தப்பட்டனர். பாடசாலையில் மாணவராகச் சேர்க்கப்பட்டனர். ஆசானாக மட்டும் அவர்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இரக்கம் காட்டுவதற்கும் மாணவனாக அமர்வதற்கும் இடையிலுள்ள தொலைவு, சமவெளிக்கும் கோடைக்கானலுக்கும் இடையிலுள்ள தொலைவைவிட அதிகம்.

வெள்ளையர் பங்களாவில் சமைத்த பட்லரிடம் அறிவு என்ன இருந்திருக்கும் என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு அயோத்திதாசப் பண்டிதர் விடை கூறியுள்ளார். அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர், ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் தம் துரையிடம் கொடுக்க, அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று அச்சேறும் வழி பிறந்தது என்று அயோத்திதாசர் எழுதியுள்ளார். தட்டு ஏந்திய கையில் வள்ளுவரின் சுவடி இருந்தது. ஹாரிங்டன் அதைக் கண்டுகொண்டார். அவ்வாறு கண்டுகொள்ளாத துரைமார் எத்தனை பேர்!

திருமறையில் அப்பொல்லோவின் கதையை நினைவுகூருங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் பதினெட்டாம் அதிகாரத்தில் வருவது. அப்பொல்லோ அலெக்சந்திரியாவில் பிறந்தவர், வேதத்தில் வல்லவர், சொல்வன்மை மிக்கவர். எபேசுவின் ஜெப ஆலயத்தில் அவர் தைரியமாகப் பேசியதை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்டனர். அவ்விருவரும் கூடாரம் செய்து பிழைத்த தொழிலாளர். அவர்கள் அவரைச் சபை நடுவே மறுத்துப் பேசாமல், தனியே அழைத்துச் சென்று, தேவனுடைய வழியை இன்னும் திட்டமாய் விளக்கினர். கற்றறிந்த பேச்சாளர் கைத்தொழில் செய்யும் தம்பதியரின் முன், அதிலும் ஒரு பெண்ணின் முன், மாணவராக அமர்ந்தார். அதன் பின்னரே அவர் அகாயா நாட்டுச் சபைக்கு மிகவும் உதவியாக இருந்தார் என்று நூல் கூறுகின்றது. அவர் மறுத்திருந்தால் திருச்சபை ஒரு நல்ல பேச்சாளரை மட்டும் பெற்றிருக்கும்.

நம் பகுதியில் அப்படிக் கீழே இறங்கி அமர்ந்த ஒருவர் உண்டு. அவர் ரால்ப் ரிச்சர்டு கெய்த்தான். 1925-இல் மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கர். மிஷன் வளாகத்துச் சுவருக்குள் இருந்துகொண்டு மக்களை அறிய முடியாது என்பதை விரைவிலேயே கண்டார். கதர் உடுத்தினார், காந்தியடிகளை நாடினார். விடுதலை இயக்கத்தோடு உறவு கொண்டார் என்பதற்காக 1930-இல் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தார், 1944-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார், விடுதலைக்குப் பின் மறுபடியும் வந்தார். 1947-இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தின் பணிகளில் தோள் கொடுத்தார். பூதான இயக்கத்தில் ஊர் ஊராய் நடந்தார். 1973-இல் வெளிவந்த தம் வாழ்க்கை நினைவுகளுக்கு, இந்தியாவில் யாத்திரை என்று பொருள்படும் தலைப்பை இட்டார். யாத்திரை செல்பவன் வழி கேட்டுக்கொண்டே செல்ல வேண்டியவன். 1984-இல் மறையும் வரை அவர் வழி கேட்டுக்கொண்டேயிருந்தார் என்பது என் கருத்து.

கெய்த்தானின் தோழராக விளங்கிய ஜெகந்நாதன் 1950-இல் மணந்த கிருஷ்ணம்மாள், பழனி மலையடிவாரத்து அய்யன்கோட்டையில் 1926-இல் பிறந்தவர், நம்மவர், கூலி வேலை செய்த தாயின் மகள். பட்டம் பெற்ற பின் அவர் ஆசிரியப் பணியில் அமர்ந்து நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். 1968-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது, அவரும் கணவரும் கீழத்தஞ்சைக்குச் சென்று அந்த உழவுத் தொழிலாளர் நடுவே தங்கினர். அவர்களுக்கு வேண்டியது எது என்பதை அங்கிருந்தே அறிந்தனர். உபதேசத்தை யாரும் கேட்கவில்லை. உழுவதற்கு நிலம் கேட்டனர். அந்த நிலத்துக்காகவே 1981-இல் லாப்டி என்னும் இயக்கம் தோன்றியது. கிருஷ்ணம்மாள் கிறிஸ்தவ ஊழியர் அல்லர். ஆயினும் ஊழியம் செய்யப் புறப்படும் நம் பெண்பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது என்று நான் துணிந்து சொல்வேன்.

மீண்டும் பாட்டுக்கு வருகின்றேன். வெப் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மதுரை அரசரடியில் 1969-இல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி அமைந்தது. மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி, குடிசைப் பகுதிகளிலும் சிற்றூர்களிலும் மக்களோடு தங்கிப் பயில வேண்டும் என்ற முறையை அக்கல்லூரி வகுத்தது. குருவாக வேண்டியவர் முதலில் குடியிருப்பவராக வேண்டும் என்பது அதன் கருத்து. அங்கே பேராசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு. 1940-இல் பிறந்து 2005-இல் மறைந்தவர். பறட்டை என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டவர். தலைவாராத பிள்ளையை வையும் சொல்லைப் பட்டமாகச் சூட்டிக்கொண்ட பேராசிரியர் வேறு யாரேனும் உண்டா என்று எனக்குத் தெரியாது!

அப்பாவு கேட்ட கேள்வி இது. கீர்த்தனையைச் சரியாகப் பாட இராகப் பயிற்சி வேண்டும்; அதன் தமிழை விளங்கிக்கொள்ளப் படிப்பு வேண்டும். படிப்பும் பயிற்சியும் மறுக்கப்பட்ட மக்கள் தங்கள் ஆண்டவரை எந்தப் பாட்டில் பாடுவது? நாட்டுப்புறப் பாட்டை யாரும் எடுத்துப் பாடலாம். ஓர் அடியை மாற்றலாம். தம் துன்பத்தை அதிற் சேர்க்கலாம். இன்று வயலில் பாடியதை நாளை ஊர்வலத்தில் வேறு சொல்லோடு பாடலாம். திருத்திப் பாடும் உரிமை எல்லார்க்கும் உண்டு என்பதே அப்பாட்டின் வலிமை என்று அவர் கண்டார். கிராமிய இசையில் வழிபாட்டு முறை ஒன்றையும் அமைத்தார். நற்கருணையை விளக்க அவர் கையாண்ட சொல், ஒரே உலை என்பது. கூட்டுக் குடும்பத்தில் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பது போல் உலகம் முழுவதும் ஒரு குடும்பமாக வேண்டும் என்றார். 1847-இல் மிஷன் ஒரே பந்தியை மேலிருந்து கட்டளையாக இட்டது. அப்பாவு அதே பந்தியை ஏழையின் அடுப்படியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

ஓர் அமெரிக்கர் சாஸ்திரியாரிடம் பாட்டுக் கற்றதைக் கூறினேன். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் சோயி ஷெரினியன் என்னும் அமெரிக்க இசை ஆய்வாளர் மதுரைக்கு வந்து, அப்பாவுவிடம் நாட்டுப்புற இசையைக் கற்றார். தலித் விடுதலை இறையியலாகத் தமிழ் நாட்டுப்புற இசை என்னும் பொருளில் அவர் எழுதிய நூல் 2014-இல் வெளிவந்தது. பறையையும் அவர் கற்றார். பறையிசைப்போரைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார். ஆசான் மாறிவிட்டார் என்பதைப் பார்க்கின்றீர்கள் அல்லவா?

பறை என்றதும் மூத்த உறுப்பினர்கள் சிலர் முகம் சுளிப்பதை நான் காண்கின்றேன். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கூறியாக வேண்டும். பிணத்துக்கு முன் பறையடிப்பதை இழிதொழிலாக நம்மீது சுமத்தினார்கள். அதை மறுத்ததற்காக அடிபட்ட பெரியவர்கள் உண்டு. பறையை உடைத்தெறிந்த ஊர்கள் உண்டு. அந்தத் தலைமுறை அதைக் கீழே போட்டதனால்தான் இந்தத் தலைமுறை பள்ளிக்குச் சென்றது. அவர்களிடம் போய், பறை நம் கலை, மீண்டும் எடுங்கள் என்று இளைஞர்கள் சொல்லும்போது அவர்கள் மனம் புண்படுகின்றது. இளைஞர்கள் கூறுவதும் பொய்யன்று: கூலிக்காகவும் கட்டாயத்துக்காகவும் அடித்தது அடிமைத்தனம், தாமே விரும்பி, ஆலயத்திலும் மேடையிலும் அடிப்பது உரிமை. என் எண்ணம் இளைஞர் பக்கமே சாய்கின்றது. ஆயினும் பறையைத் தொடுமுன், அதைக் கீழே வைத்த பெரியவர் ஒருவரிடம் ஒரு மாலைப் பொழுதேனும் அமர்ந்து, ஏன் வைத்தீர்கள் ஐயா என்று கேளுங்கள். அந்த விடையை அறியாமல் அடிக்கும் அடியில் பாதி ஓசைதான் எழும்.

இனி, இளைஞர்களே, உங்களிடம் நேராகப் பேசுகின்றேன். இச்சங்கம் தொடங்கிய நாளில் நம்மிடையே பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணலாம். இன்று ஆசிரியர்களும் செவிலியரும் குருமாரும் அரசு அலுவலரும் இந்தப் பந்தலில் அமர்ந்திருக்கின்றீர்கள். சனிக்கிழமைகளில் கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டக் குடியிருப்புகளுக்கு மாலைப் பள்ளி நடத்தச் செல்கின்றீர்கள். நல்ல பணி, பாராட்டுகின்றேன். ஆனால் பழைய நாற்காலி இன்னும் இருக்கின்றது. முன்பு அதில் வெள்ளையர் அமர்ந்தனர். இப்போது நாம் ஏறி அமரும் காலம் வந்திருக்கின்றது. நாம் பேசும் திருத்தமான தமிழும், கையில் ஏந்திய பதிவேடும், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற உள்நினைப்பும் அந்த நாற்காலியின் கால்கள்.

தோட்டத்துக் குடியிருப்பில் ஒரு பாட்டி இருக்கின்றார். மாசி, பங்குனியில் பெய்யும் மழை எத்தனை நாள் இடைவெளியில் பெய்தது என்பதைக் கொண்டு, அவ்வாண்டு காப்பி எவ்வளவு காய்க்கும் என்று சொல்லிவிடுவார். பூ மலர ஒரு மழை வேண்டும். மலர்ந்த பின் சில வாரங்களில் மற்றொரு மழை வேண்டும். இடையில் தவறினால் பிஞ்சு நிற்காது. இதை அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. மலைக்காட்டுப் பளியர்கள் எந்தக் கிழங்கு உணவு, எந்தக் கொடி மருந்து என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். செண்பகனூரில் 1895-இல் கல்லூரி அமைத்த இயேசு சபையார் இம்மலையின் செடிகொடிகளையும் கற்பதுக்கைகளையும் பொறுமையாக ஆராய்ந்து நூல்கள் எழுதினர். ஆங்கிலேடு அடிகள் கற்பதுக்கைகளைப் பற்றி எழுதியது 1928-இல் வெளிவந்தது. மத்தேயு அடிகளின் பழனி மலைத் தாவர நூல் 1999-இல் வெளிவந்தது. அயலிலிருந்து வந்தவர் இத்தனை கற்றிருக்க, இம்மலையின் காற்றைக் குடித்து வளர்ந்த நாம் அந்தப் பாட்டியிடம் ஒரு வினாவேனும் கேட்டிருக்கின்றோமா?

ஆகவே சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கின்றேன். மாலைப் பள்ளியில் இரண்டு மணி நேரம் நாம் கற்பிக்கின்றோம். அதில் அரைமணி நேரத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் பாயில் அமரட்டும். பாட்டியோ, காய் பறிக்கும் பெண்ணோ, மூட்டை சுமக்கும் பெரியவரோ பேசட்டும். அவர்கள் பாடும் பாட்டை, கூறும் பழமொழியை, கூலிக்கணக்கில் தாங்கள் ஏமாற்றப்பட்ட விதத்தை, மழைக்கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சொன்னவர் பெயரை, அவர் இசைந்தால், முதலில் எழுதுங்கள். எழுதியதை அடுத்த வாரம் அவர்களுக்கே படித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள். திருத்தச் சொல்லாமல் அச்சிட வேண்டாம்.

குறிப்பேடுகளுக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைச் செயற்குழு ஏற்குமா என்று செயலாளர் அவர்களிடம் இந்த மேடைக்கு வருமுன் கேட்டேன். முதல் ஆறு மாதத்துக்கு ஏற்பதாக இசைந்துள்ளார்கள். பெயர் கொடுக்க விரும்பும் ஆசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் பந்தலின் வடபுறத்தில் அவரைக் காணலாம்.